கடன் உருவாக்கம்: ஒரு பத்து மார்க் கேள்வி

போன வருஷம் விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒரு மாணவருக்குப் பத்துக்கு மூன்று மார்க் போட்டேன். டம்மி நம்பர் ஒட்டிய தாள். பையனா பெண்ணா, எந்த ஊர், எந்தக் கல்லூரி, எதுவும் தெரியாது. இனித் தெரியவும் வழியில்லை. அந்த மூன்று மார்க் மட்டும் மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

கேள்வி நம்மில் பலர் எழுதியதுதான். வணிக வங்கிகள் கடனை எவ்வாறு உருவாக்குகின்றன, விளக்குக. பொருளியல் படித்தாலும் சரி, பொருளியலும் நிதியியலும் சேர்ந்த பட்டம் படித்தாலும் சரி, பணவியல் தாளில் இது வந்தே தீரும். விடையும் எல்லோருக்கும் மனப்பாடம். ஒருவர் முதல் வங்கியில் 1,000 ரூபாய் டெபாசிட் போடுகிறார். ரொக்க இருப்பு விகிதம் 10 சதவீதம். வங்கி 100 ரூபாயை எடுத்து வைத்துவிட்டு 900 ரூபாயைக் கடனாகக் கொடுக்கிறது. அந்த 900 இரண்டாவது வங்கிக்கு டெபாசிட்டாகப் போகிறது. அது 90 ரூபாயை வைத்துக்கொண்டு 810 கொடுக்கிறது. அடுத்தது 729. இப்படியே போய் 1,000 ரூபாய் 10,000 ரூபாய் ஆகிவிடும். ஒன்றை இருப்பு விகிதத்தால் வகுத்தால் பணப்பெருக்கி. விடைக்குறிப்பில் அட்டவணைக்கு 4 மார்க், சூத்திரத்துக்கு 2, வரையறைக்கு 2, வரம்புகளுக்கு 2.

நான் சொல்லும் தாளில் அட்டவணை இல்லை. அதற்குப் பதிலாக, அம்மா சங்கிலியை வைத்து ஒரு லட்சம் ரூபாய் நகைக்கடன் வாங்கிய கதை இருந்தது. நகையை எடை போட்டு, கையெழுத்து வாங்கி, அம்மாவின் சேமிப்புக் கணக்கில் ஒரு லட்சத்தை ஏற்றினார்களாம். அந்த நேரத்தில் வேறு யாருடைய கணக்கிலிருந்தும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை என்று எழுதியிருந்தது. கீழே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் 'அம்மா தர வேண்டிய கடன் 1,00,000', வலப்பக்கம் 'அம்மாவுக்கு வங்கி தர வேண்டிய டெபாசிட் 1,00,000'. டெபாசிட் வந்து கடன் போகவில்லை, கடனால்தான் டெபாசிட் வந்தது என்று ஒரு வரி. அம்மா அதிலிருந்து காலேஜ் ஃபீஸ் கட்டியதும் பணம் இன்னொரு வங்கிக்குப் போய்விட்டது என்று இன்னொரு வரி. அவ்வளவுதான். சூத்திரம் கிடையாது.

சேர்மனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "டேபிள் எங்க சார்? டேபிள் இல்லாம என்ன மார்க் போடறது? டெஃபனிஷனுக்குப் போட்டுட்டு விடுங்க, மதியத்துக்குள்ள கட்டு முடியணும்" என்றார். அவர்மேல் கோபம் இல்லை. விடைக்குறிப்பைத் தாண்டி மார்க் போட்டால் மறுமதிப்பீட்டில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். வரையறைக்கு 2, மனசாட்சிக்கு 1 என்று போட்டுவிட்டு வந்தேன்.

நான் பார்த்த அந்தக் கட்டில், வங்கிக்குள் உண்மையில் நடப்பதை எழுதியிருந்த ஒரே தாள் அதுதான். மற்றவர்கள் எல்லோரும் அட்டவணையைச் சுத்தமாகப் போட்டு எட்டு, ஒன்பது வாங்கிப் போனார்கள்.

இது நம்ம ஊர் கைடு நூல்களின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. உலகம் முழுக்கப் பாடமாக இருக்கும் கிரெகரி மேன்கியூவின் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் எகனாமிக்ஸ்' நூலிலும் இதே அட்டவணைதான். அங்கே ரூபாய்க்குப் பதில் டாலர். முதல் தேசிய வங்கியில் 100, அது கடன் கொடுப்பது 90, அடுத்த வங்கி 81, கடைசியில் 1,000. எழுதியிருக்கும் விதத்தைக் குறை சொல்ல முடியாது, அவ்வளவு தெளிவு. அந்தத் தெளிவுதான் எனக்குப் பிரச்சினை. ஒரு தவறான படம் இவ்வளவு சுலபமாக மண்டையில் ஏறிவிட்டால் அப்புறம் எடுக்கவே முடியாது. 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்த பதிப்புகளில் வங்கி மூலதனம் பற்றி ஒரு பகுதி சேர்த்திருக்கிறார். ஆனால் அது பணப்பெருக்கியைச் சொல்லி முடித்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி வந்து உட்கார்ந்திருக்கிறது. மேலே சொன்ன கதையை அது எப்படி மாற்றுகிறது என்ற பேச்சே இல்லை.

2011 நவம்பர் 2-ஆம் தேதி ஹார்வர்டு மாணவர்கள் சிலர் மேன்கியூவின் வகுப்பிலிருந்து எழுந்து வெளியேறினார்கள். பாடம் ஒருபக்கச் சார்பானது என்பது அவர்கள் புகார். அடுத்த வருஷம் மான்செஸ்டரிலும் மாணவர்கள் ஒரு சங்கம் வைத்துப் பாடத்திட்டத்தை மாற்றச் சொன்னார்கள். அவை பெரிய சண்டைகள். என் புகார் அதைவிடச் சின்னது. சார்பு, சித்தாந்தம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வங்கியில் நடக்கும் ஒரு கணக்குப் பதிவை நாம் தலைகீழாகச் சொல்லித் தருகிறோம், அதை முதலில் சரிசெய்யலாமே என்பதுதான்.

எங்கிருந்து வந்தது இந்த அட்டவணை? 1909-இல் ஹார்ட்லி விதர்ஸ் என்ற ஆங்கிலேய நிதிப் பத்திரிகையாளர் பணத்தைப் பற்றி எழுதிய நூலில், டெபாசிட்டுகளில் பெரும்பகுதி கடனிலிருந்து பிறப்பதை விளக்கியிருக்கிறார். 1920-இல் அமெரிக்காவில் சி.ஏ. பிலிப்ஸ் 'பேங்க் கிரெடிட்' என்ற நூலில் வேறொரு கேள்வியை எடுத்தார். ஒரு தனி வங்கி தன் இருப்பைப் போல் பல மடங்கு கடன் கொடுக்க முடியாதபோது, மொத்த வங்கி அமைப்பு மட்டும் எப்படிப் பல மடங்கு கொடுக்கிறது? நல்ல கேள்வி. மத்திய வங்கி இருப்பின் அளவை இறுக்கிப் பிடித்துவைத்திருந்தால் அவர் பதிலும் சரிதான். அவர் போட்ட நிபந்தனை காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது, அட்டவணை மட்டும் மிஞ்சியது. 1948-இல் வந்த சாமுவேல்சனின் பாடநூலும் அதன் பின்னால் வந்தவையும் அதைத் தலைமுறை தலைமுறையாகக் கொண்டுவந்து சேர்த்தன.

வேடிக்கை என்னவென்றால், நம் பழைய பாடநூல்களில் விதர்ஸும் இருக்கிறார், பிலிப்ஸும் இருக்கிறார். முதன்மை டெபாசிட், வழிநிலை டெபாசிட் என்று பிரித்து, வழிநிலை டெபாசிட் கடனால் உண்டாகிறது என்று ஒரு பத்தி இருக்கும். பக்கத்தைத் திருப்பினால் அட்டவணை, அதில் டெபாசிட்டுதான் கடனை உண்டாக்கும். இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று ஒரு வாத்தியாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் பல வருஷம் யாருக்கும் சொன்னதில்லை.

எனக்குச் சொன்னவர் அக்கா வீட்டுக்காரர். பொதுத்துறை வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பட்டப்படிப்பு முடித்த புதிதில் அவரிடம் இந்த அட்டவணையைப் பெருமையாகப் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாப்ள, இத எந்த பிராஞ்ச்ல பண்றாங்க?" என்றார். "நான் காலைல வந்ததும் நேத்து யாரு டெபாசிட் போட்டாங்கன்னு பாத்துட்டா லோன் சேங்ஷன் பண்றேன்? பார்ட்டி திருப்பிக் கட்டுவானா, செக்யூரிட்டி சரியா இருக்கா, அதத்தான் பாப்பேன்."

விடவில்லை நான். அப்படியானால் டெபாசிட் பிடிக்கச் சொல்லி உங்களுக்கு ஏன் டார்கெட் கொடுக்கிறார்கள் என்று கேட்டேன். இன்றைக்கும் வகுப்பில் புத்திசாலிப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வி. பதில் அந்த விடைத்தாளின் கடைசி வரியிலேயே இருக்கிறது. அம்மா ஃபீஸ் கட்டியதும் பணம் வேறு வங்கிக்குப் போகிறது. அந்த வங்கி சும்மா வாங்கிக்கொள்ளாது. ரிசர்வ் வங்கியில் இரண்டு வங்கிகளும் வைத்திருக்கும் கணக்குகள் வழியாகப் பைசல் செய்தாக வேண்டும். அதே நாளில் அங்கிருந்து இங்கே வருவதும் உண்டு, கழித்தது போக மீதிதான் தேவை. அந்த மீதிக்கு வங்கி டெபாசிட் திரட்டலாம், மற்ற வங்கிகளிடம் ஓரிரவுக் கடன் வாங்கலாம், ரிசர்வ் வங்கியிடம் ரெப்போவில் வாங்கலாம். இவற்றில் மக்களின் சேமிப்புக் கணக்கு மலிவு, சட்டென்று ஓடியும் போகாது. அதனால் டார்கெட். ஆக டெபாசிட்டின் வேலை, கொடுத்த கடனைக் குறைந்த செலவில் தாங்கிப் பிடிப்பது. அது வந்தால்தான் கடன் பிறக்கும் என்பதில்லை.

ரொக்க இருப்பு விகிதமும் இதே திசையில்தான் வேலை செய்கிறது. ஒரு வங்கி எவ்வளவு இருப்பு வைக்க வேண்டும் என்பது, ஏற்கெனவே கடந்துபோன ஒரு தேதியில் அதனிடம் இருந்த டெபாசிட் பொறுப்பைக் கணக்கிட்டுத்தான் முடிவாகிறது. அதாவது கடன் கொடுத்தாகிவிட்டது, டெபாசிட் பிறந்தாகிவிட்டது, அதற்கு அப்புறம்தான் இருப்பைத் தேடுகிறார்கள். அட்டவணையில் முதல் வரியாக இருப்பது நடைமுறையில் கடைசி வரி.

மத்திய வங்கிகளே இதை வெளிப்படையாக எழுதிவிட்டன. 2014-ஆம் ஆண்டின் முதல் காலாண்டு இதழில் இங்கிலாந்து வங்கியின் மூன்று பொருளியலாளர்கள், வங்கி கடன் கொடுக்கும்போதே டெபாசிட் பிறக்கிறது, பாடநூல் சொல்லும் பெருக்கிக் கதை நடைமுறை அல்ல என்று எழுதினார்கள். பிரிட்டனில் புழங்கும் பணத்தில் 97 சதவீதம் வங்கி டெபாசிட் என்ற கணக்கும் அதில் இருக்கிறது. 2017-இல் ஜெர்மனியின் பூந்தஸ்பேங்க் அதையே சொன்னது. 2020 மார்ச் 26 முதல் அமெரிக்காவில் கட்டாய இருப்பு விகிதம் பூஜ்யம். ஒன்றைப் பூஜ்யத்தால் வகுத்துப் பாருங்கள். சூத்திரப்படி அமெரிக்காவில் பணம் முடிவிலிக்குப் போயிருக்க வேண்டும். 2021-இல் செயின்ட் லூயிஸ் ஃபெட் பொருளியல் ஆசிரியர்களுக்கென்றே ஒரு கட்டுரை போட்டு, தலைப்பிலேயே பணப்பெருக்கிக்கு ஆர்.ஐ.பி. சொல்லிவிட்டது. கருமாதியே முடிந்துவிட்டது. நாம்தான் இன்னும் 4 மார்க் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, முதல் வருஷப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் எளிமையாகத்தானே சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கும் எளிமை பிடிக்கும். காற்றுத்தடை இல்லை என்று வைத்துக்கொண்டு கல் விழுவதைச் சொல்லித் தரலாம். பின்னால் காற்றைச் சேர்த்துக்கொண்டால் போதும், கற்றது வீணாகாது. கல் மேலே போகிறது என்று சொல்லித் தந்தால் பின்னால் என்னத்தைச் சேர்ப்பது? தவிர, அந்தப் பிள்ளையின் நகைக்கடன் கணக்கு இரண்டே வரி. அட்டவணையைவிட எளிமை.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு கூட்டம் இருக்கிறது. வங்கிகள் சூனியத்திலிருந்து பணம் செய்கின்றன, எல்லாம் மோசடி என்று யூடியூபில் முழங்குகிறவர்கள். அவர்களுக்குப் பிடித்த ஆதாரம் ரிச்சர்ட் வெர்னரின் 2014-ஆம் ஆண்டு ஆய்வு. அவரே ஜெர்மனியில் ஒரு சின்னக் கூட்டுறவு வங்கியில் 2,00,000 யூரோ கடன் வாங்கி, அன்றைக்கு வங்கியின் கணக்குகளில் என்ன மாறியது என்று பார்த்தார். கடன் கொடுக்கும் முன் வங்கி எங்கிருந்தும் பணத்தை எடுத்து வரவில்லை என்பது தெரிந்தது. ஆய்வு நல்ல ஆய்வுதான். சூனியம் என்ற சொல்தான் சரியில்லை. வாங்குபவரின் கடன் பத்திரம் ஒரு பக்கம் இருக்கிறதே, அது சூனியமா? ஜேம்ஸ் டோபின் 1963-லேயே இந்த இரண்டு கூட்டத்துக்கும் பதில் சொல்லியிருக்கிறார். வங்கி தன் இஷ்டத்துக்குப் பணம் படைத்துவிட முடியாது. கொடுப்பதற்கு லாபமான, நம்பகமான ஆள் கிடைக்க வேண்டும். படைத்த டெபாசிட்டை மக்கள் கையில் வைத்திருக்கவும் விரும்ப வேண்டும். விரும்பாவிட்டால் கடனைத் திருப்பிக் கட்டிவிடுவார்கள், பணம் பிறந்த மாதிரியே மறைந்துவிடும்.

வங்கியை உண்மையில் தடுத்து நிறுத்துவது எது? வட்டி, திருப்பிக் கட்டக்கூடிய ஆள், அப்புறம் மூலதனம். பொருளியலும் நிதியியலும் சேர்த்துப் படிக்கும் பட்டத்தின் கதை இங்கேதான் வருத்தமாகிவிடுகிறது. மூலதனப் போதுமை விகிதம் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம்தான். ஆனால் அது நிதியியல் தாளில், வேறு செமஸ்டரில், வேறு வாத்தியாரிடம். பாசல் ஒன்று, பாசல் இரண்டு, பாசல் மூன்று என்று ஆண்டுகளை வரிசையாக எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். கடன் உருவாக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று எந்தத் தாளும் சொல்வதில்லை. கடன் உருவாக்கத்தின் வரம்புகள் என்று விடைக்குறிப்பில் 2 மார்க்குக்கு இருந்த பட்டியலில் மூலதனம் என்ற சொல்லே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன். 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, கடன் வீட்டின் மதிப்பில் 80 சதவீதத்துக்குள் இருந்தால் அதன் இடர் எடை 35 சதவீதம். அதாவது 7 லட்சமாகக் கணக்கு. நம் நாட்டில் குறைந்தபட்ச மூலதன விகிதம் 9 சதவீதம், ஆகவே பங்குதாரர்களின் பணம் முதலான மூலதனம் 63,000 ரூபாய் பின்னால் நிற்க வேண்டும். அதே 20 லட்சத்தைப் பிணை இல்லாத தனிநபர் கடனாகக் கொடுத்தால்? 2023 நவம்பர் 16 அன்று ரிசர்வ் வங்கி அதன் எடையை 100-லிருந்து 125 சதவீதமாக்கியது. இப்போது 25 லட்சமாகக் கணக்கு, மூலதனம் 2,25,000 ரூபாய். தனிநபர் கடன் வேகமாக வளர்கிறது, பிரேக் போட வேண்டும் என்று நினைத்தபோது ரிசர்வ் வங்கி ரொக்க இருப்பு விகிதத்தைத் தொடவில்லை, இந்த எடையைத்தான் தூக்கியது. அட்டவணையை மட்டும் படித்த மாணவர் மறுநாள் பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. பொருளியல் பட்டம் படிப்பவருக்குப் பேப்பரின் வணிகப் பக்கம் புரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் இங்கே ரொக்க இருப்பு விகிதம் 15 சதவீதம், அதற்கு மேல் எஸ்.எல்.ஆர். 38.5 சதவீதம். அந்தக் காலத்தில் இருப்பு விகிதம் வங்கியின் கையை நன்றாகவே கட்டியது. நான் படித்த நூல்கள் அந்தக் காலத்தில் எழுதப்பட்டவை, அவற்றை ரொம்பவும் திட்ட மனசு வரவில்லை. இப்போதும் அந்த இருப்புக்கு வட்டி கிடையாது என்பதால், விகிதம் ஏறினால் வங்கிக்குச் செலவு ஏறும். அந்த அளவில் அதற்கு ஒரு வேலை இருக்கிறது. 25 மடங்கு, 22 மடங்கு என்று பெருக்கிக் காட்டும் வேலை அதற்கு இல்லை.

கரூரில் 1926-இல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியின் உடனடித் திருத்த நடவடிக்கைக்குள் போனது. 2020 செப்டம்பரில் தன் பணப்புழக்க விகிதம் கட்டாய அளவைவிட வெகுவாக மேலே இருப்பதாக அந்த வங்கியே அறிவித்தது. ஆனால் வாராக்கடன் மூலதனத்தைத் தின்றுவிட்டிருந்தது, விகிதம் பூஜ்யத்துக்கும் கீழே. டெபாசிட்தாரர்கள் பணத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நவம்பர் 17-ஆம் தேதி, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக்கூடாது என்று தடை வந்தது. பத்தே நாளில் டி.பி.எஸ். வங்கியின் இந்தியப் பிரிவோடு இணைத்தார்கள். டெபாசிட்டுக்குச் சேதம் இல்லை. பங்கு வைத்திருந்தவர்களின் முதலீடு முழுக்கப் போயிற்று. யாருடைய பணம் முதலில் கரையும், யாருடையது கடைசியில், ஏன் அந்த வரிசை? இந்த மண்ணில் வளர்ந்த ஒரு வங்கியை வைத்தே ஒரு வாரப் பாடம் நடத்தலாம். இருப்பு மட்டுமே தெரிந்த மாணவரால் இந்தக் கதையில் ஒரு வரியைக்கூட விளக்க முடியாது.

இந்த செமஸ்டரிலிருந்து நான் வரிசையை மாற்றிவிட்டேன். முதல் வகுப்பில் நகைக்கடன், இரண்டு வரிக் கணக்கு. இரண்டாவதில் ஃபீஸ் கட்டுவது, வங்கிகளுக்கு இடையே பைசல். மூன்றாவதில் மூலதனம், லட்சுமி விலாஸ். அட்டவணை நான்காவது வகுப்பில், அது எந்தக் காலத்தில், எந்த நிபந்தனையில் சரியாக இருந்தது என்பதோடு. பிள்ளைகள் நன்றாகத்தான் கேட்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் வீட்டில் நகை இப்போதும் வங்கியில்தான் இருக்கிறது.

நான்காவது வகுப்பு முடிகிற நேரத்தில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள். "சார், எக்ஸாம்ல எத எழுதறது?"

டேபிளையே எழுதும்மா என்றேன்.